கிட்னி மாற்றியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி: ஓ.பி. பெஞ்சில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

அம்மாவின் சிறுநீரகம் எனக்குள் வந்து சேர்ந்தது 2016இல். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நெஃப்ராலஜி ஓ.பி. பெஞ்சுக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க நாங்கள் தினமும் சாப்பிடும் டேக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் காலை மாத்திரை போடும் முன் ரத்தம் எடுக்க வேண்டும். எனவே எல்லோரும் மாத்திரையைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு, பசியோடு டோக்கன் எண்ணுக்காகக் காத்திருப்போம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பேசாத விஷயம் கிடையாது. 2021இல் தொடங்கி அந்தப் பேச்சில் பாதி கொரோனா ஊசியைப் பற்றித்தான். இன்றும் புதிதாக ஆபரேஷன் முடிந்து வருபவர்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. படித்ததையும், என் டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். கல்லீரல், இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது மட்டும் உங்கள் டாக்டரின் வேலை. அதில் என்னையும் நம்ப வேண்டாம், பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரையும் நம்ப வேண்டாம்.

நம்மைப் போன்றவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளலாம் என்பதைவிட, முதலில் போட்டுக்கொள்ள வேண்டியவர்களே நாம்தான். இந்தியாவில் 2021 மார்ச் 1 அன்று பொதுமக்களுக்கு ஊசி திறந்துவிடப்பட்டபோது 60 வயது தாண்டியவர்களும், 45 முதல் 59 வயதுக்குள் இணை நோய் உள்ளவர்களும் தகுதி பெற்றார்கள். இணை நோய்கள் என்று இருபதைப் பட்டியலிட்டிருந்தார்கள். கிட்னி, கல்லீரல் மாற்றியவர்களும் மாற்றத்துக்குக் காத்திருப்பவர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு அப்போது 47 வயது, தப்பித்தேன். முப்பது வயதில் கிட்னி மாற்றிய பையன்களும் பெண்களும் மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. மாற்று உறுப்புக்கு எதற்கு வயது வரம்பு என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கொரோனா நம்மை அவ்வளவு மோசமாகத் தாக்குமா? இப்போது சளி, காய்ச்சலோடு போய்விடுகிறதே?

தடுப்பூசி வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 2020 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை இந்தியாவின் 12 மருத்துவமனைகளில், கிட்னி மாற்றிக் கொரோனா வந்த 250 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 11.6 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். ஒன்பதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெஞ்சில் ஒரு வரிசைக்கு ஒன்பது பேர் உட்காரலாம். அந்தக் கணக்கைப் படித்த மறுமுறை போனபோது வரிசையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

ஒமிக்ரான் வந்த பிறகு வேகம் தணிந்தது உண்மை. ஆனால் நமக்கு அது மற்றவர்களைப் போல ஐந்து நாளில் முடியும் என்று உறுதி கிடையாது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவர்களின் உடலில் வைரஸ் வாரக்கணக்கில் தங்கிவிடுவது உண்டு.

ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி முழித்துக்கொண்டு கிட்னியை ரிஜெக்ட் செய்துவிடும் என்கிறார்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. இந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். நாள் தவறாமல், காலை ஒன்பது இரவு ஒன்பது என்று அலாரம் வைத்து, எதிர்ப்புச் சக்தியைத் தூங்கவைக்கும் மாத்திரையை விழுங்குகிறவர்கள் நாம். அதைத் தட்டி எழுப்பும் ஊசி என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கத்தானே செய்யும்?

ஆனால் தடுப்பூசி ஒட்டுமொத்தப் படையையும் கிளப்பிவிடுவதில்லை. முக்கியமாக வைரஸின் மேலே முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் என்ற புரதத்தைக் காட்டி, "இவன் வந்தால் பிடி" என்று அடையாளம் சொல்லிக்கொடுக்கிறது. ரிஜெக்‌ஷனுக்கு உடம்பு அடையாளம் காண வேண்டியது தானம் கொடுத்தவரின் திசுவை. இரண்டும் வேறு வேறு. ஊசி போட்ட ஆயிரக்கணக்கான மாற்று உறுப்பு நோயாளிகளைப் பல நாடுகளில் கவனித்தார்கள். ஊசியால் ரிஜெக்‌ஷன் கூடியதாகத் தெரியவில்லை. பல வருடங்களாக நமக்கெல்லாம் போடும் ஃப்ளூ ஊசியிலும் இதே கதைதான்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது நோய்க்கு. கொரோனா தீவிரமானால் உயிரைக் காப்பாற்றுவதற்காக டாக்டர்கள் முதலில் மைக்கோஃபினோலேட் என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்தை நிறுத்துவார்கள், சில சமயம் டேக்ரோலிமஸையும் குறைப்பார்கள். கிட்னிக்குக் காவல் அப்போதுதான் விலகுகிறது. கூடவே காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நீர்ச்சத்துக் குறைவு. என்னோடு ஆறு வருடமாக ஓ.பி.க்கு வந்துகொண்டிருந்த ஒருவர், கிட்னி போய்விடும் என்று ஊசியைத் தள்ளிக்கொண்டே போனார். மே மாதம் கொரோனா வந்தது. உயிர் பிழைத்தார். கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் (ஏறினால் கிட்னி கெடுகிறது என்று அர்த்தம்) 1.4இல் இருந்து ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். எங்களைப் பார்க்க ஓ.பி. பக்கம் வந்தால், "ஊசிக்குப் பயந்து ஊசியிலேயே மாட்டிக்கிட்டேன்" என்று டயாலிசிஸ் ஊசியைக் காட்டிச் சிரிப்பார். நாங்கள் சிரிப்பதில்லை.

உயிருள்ள கிருமித் தடுப்பூசி நமக்குக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்றே சொன்னார்களே?

சரியாகத்தான் சொன்னார்கள். சின்னம்மை, தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகள், வாய்வழி போலியோ சொட்டு மருந்து எல்லாம் உயிருள்ள, வலுவிழந்த கிருமியால் ஆனவை. அவை நமக்கு ஆகாது. நம் ஊரில் பரவலாகப் போட்ட கொரோனா ஊசிகள் எதுவும் அந்த வகை இல்லை. கோவாக்சின், கொல்லப்பட்ட முழு வைரஸ். கார்பிவேக்ஸ், புரதத் துண்டு. கோவிஷீல்டில் சிம்பன்சிக் குரங்கின் சளி வைரஸ் ஒன்று வாகனமாக இருக்கிறது. அதுவும் உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றப்பட்டது. வெளிநாட்டில் போடும் ஃபைசர், மாடர்னா ஊசிகளில் வைரஸே கிடையாது, அந்த ஸ்பைக் புரதத்தை நம் உடம்பே செய்துகொள்வதற்கான செய்முறைக் குறிப்பு மட்டும்தான்.

அது சரி, ஊசி நமக்கு வேலை செய்யுமா?

இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்குச் செய்கிற அளவு செய்யாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2021இன் தொடக்கத்திலேயே இதைப் பார்த்தார்கள். உறுப்பு மாற்றிய 436 பேரிடம் முதல் டோஸுக்குப் பிறகு ஆன்டிபாடி, அதாவது வைரஸைப் பிடிக்க உடம்பு ரத்தத்தில் உருவாக்கும் புரதம், இருக்கிறதா என்று தேடியபோது 17 சதவீதம் பேரிடம்தான் இருந்தது. இரண்டு டோஸும் முடித்த 658 பேரைப் பார்த்தபோது 54 சதவீதம். மீதி 46 சதவீதம் பேருக்கு இரண்டு டோஸ் போட்டும் ஆன்டிபாடி ஒன்றும் தென்படவில்லை. சாதாரண ஆட்களிடம் அதே ஊசிக்கு ஏறக்குறைய எல்லோருக்குமே ஆன்டிபாடி வந்துவிடும். இத்தனைக்கும் அது ஃபைசரும் மாடர்னாவும். கோவிஷீல்டின் மூலமான ஆஸ்ட்ராஜெனகா ஊசியைப் பிரிட்டனில் கிட்னி மாற்றியவர்களிடம் பார்த்தபோது, ஃபைசரைவிடக் குறைவாகவே ஆன்டிபாடி வந்தது.

காரணம் நம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் மைக்கோஃபினோலேட் வகை மருந்து சாப்பிட்டவர்களைத் தனியாகப் பிரித்தார்கள். அவர்களில் 57 சதவீதம் பேரிடம் இரண்டு டோஸுக்குப் பிறகும் ஆன்டிபாடி இல்லை. அந்த மருந்து சாப்பிடாதவர்களில் 18 சதவீதம்தான். ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் பெருகுவதைத் தடுப்பதே மைக்கோஃபினோலேட்டின் வேலை. தடுப்பூசிக்கோ அந்த அணுக்கள் பெருகினால்தான் வேலை நடக்கும். வாத்தியார் வகுப்புக்கு வந்துவிட்டார், பாடமும் ஒழுங்காக நடத்துகிறார், பிள்ளைகள் தூக்கத்தில் இருக்கிறார்கள். தூங்கவைத்தது நாம்தான், கிட்னிக்காக.

அப்படியானால் போட்டு என்ன பயன்?

தூங்குகிற வகுப்பில் என்ன செய்வார்கள்? பாடத்தைத் திரும்ப நடத்துவார்கள். பிரான்சில் துலூஸ் நகரத்து டாக்டர்கள் 101 பேருக்கு மூன்றாவது டோஸ் போட்டுப் பார்த்தார்கள். மூன்றாவதுக்கு முன்பு 40 சதவீதம் பேரிடம் இருந்த ஆன்டிபாடி, அதற்குப் பிறகு 68 சதவீதம் பேரிடம் இருந்தது. இரண்டு டோஸுக்கும் அசையாத பலர் மூன்றாவதுக்கு அசைந்தார்கள். கனடாவின் டொரொண்டோவில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்றாவது மாடர்னா ஊசி, மறுபாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டார்கள். நிர்ணயித்த ஆன்டிபாடி அளவைத் தொட்டவர்கள் முதல் பாதியில் 55 சதவீதம், மறுபாதியில் 18.

அதோடு, ஆன்டிபாடி மட்டுமே பாதுகாப்பு அல்ல. டி செல் என்று இன்னொரு காவல் பிரிவு உண்டு. ஆன்டிபாடி வராத சிலருக்கும் அது ஓரளவு தயாராகிவிடுகிறது. எனவே "எனக்குத்தான் வேலை செய்யாதே, எதற்குப் போடணும்" என்பது தலைகீழ்க் கணக்கு. குறைவாக வேலை செய்யும் என்பதால்தான் நமக்கு டோஸ் அதிகம் தேவைப்படுகிறது.

மொத்தம் எத்தனை டோஸ்?

அமெரிக்காவில் 2021 ஆகஸ்டிலேயே உறுப்பு மாற்றியவர்களுக்கு மூன்றாவது டோஸை அனுமதித்தார்கள். பிரான்ஸ் அதற்கும் முன்பே, ஏப்ரலில் தொடங்கிவிட்டது. அங்கே அப்போது மூன்று டோஸ் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு அடிப்படைக் கணக்காக இருந்தது. பூஸ்டர் அதற்கு மேல்.

இந்தியாவில் அப்படித் தனியாக ஒரு மூன்றாவது டோஸ் நமக்கு வரவில்லை. முன்னெச்சரிக்கை டோஸ் என்று 2022 ஜனவரி 10 அன்று தொடங்கியதும் சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், இணை நோய் உள்ள 60 வயதுக்காரர்களுக்குத்தான். 18 வயது தாண்டிய எல்லோருக்கும் என்று ஏப்ரல் 10 அன்று திறந்தார்கள், அதுவும் தனியார் மையங்களில் காசு கொடுத்து. ஊசி 225 ரூபாய், அதற்கு மேல் சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. ஜூலை 15இலிருந்து 75 நாட்கள் அரசு மையங்களில் இலவசமாகப் போட்டார்கள். நான் ஏப்ரலிலேயே போட்டுக்கொண்டேன். அதற்குள் கொரோனாவே ஒரு தடவை வந்து போயிருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஊசி நன்றாகப் பிடிக்க மைக்கோஃபினோலேட்டை ஒரு வாரம் நிறுத்திப் போட்டால் என்ன?

மேலே சொன்ன கணக்கைக் கேட்டதும் எனக்கும் இந்த யோசனை வந்தது. டாக்டரிடம் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வையே பதில்.

விஷயம் அவ்வளவு கேலிக்குரியதும் இல்லை. பெர்லினில் 29 பேருக்கு, நெருங்கிய கண்காணிப்பில், நான்காவது டோஸைச் சுற்றி ஐந்து வாரம் அந்த மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 22 பேருக்கு ஆன்டிபாடி வந்தது. ஆனால் நெதர்லாந்தில் முறையாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஊசிக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தபோது வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. ஆக, நீங்களாக ஒரு வாரம் நிறுத்தினால் ஊசிக்கு லாபம் இல்லை, கிட்னிக்கு மட்டும் ஆபத்து. ஐந்து வாரம் நிறுத்துவது உங்கள் டாக்டரே நூறு தடவை யோசிக்கிற காரியம்.

ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

நானும் எடுத்தேன், அதனால் எடுக்காதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பெரிய மருத்துவ அமைப்புகள் வழக்கமாக எடுக்கச் சொல்வதில்லை. எந்த அளவுக்கு மேல் இருந்தால் பத்திரம் என்று எவரும் கோடு கிழிக்கவில்லை. நிறைய இருக்கிறது என்று மாஸ்க்கைக் கழற்றிவிடவும் முடியாது, இல்லை என்பதற்காக அடுத்த டோஸை விட்டுவிடவும் கூடாது. இரண்டு பக்கமும் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்றால் டெஸ்ட் எதற்கு?

எடுத்தே தீருவேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். லேபில் இரண்டு வகை டெஸ்ட் இருக்கிறது. ஒன்று ஸ்பைக் புரதத்துக்கு எதிரானது, மற்றது நியூக்ளியோகேப்சிட் என்ற உள்புரதத்துக்கு எதிரானது. கோவிஷீல்டில் ஸ்பைக் மட்டும்தான் உண்டு. எனவே கொரோனா வராமல் கோவிஷீல்டு மட்டும் போட்டவர் நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் எடுத்தால், ஊசி பிரமாதமாக வேலை செய்திருந்தாலும் நெகட்டிவ்தான் வரும். எங்கள் ஓ.பி.யில் ஒரு அக்கா அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் படித்த நர்ஸ் சிஸ்டர்தான், "இது வேற டெஸ்டும்மா" என்று கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

மாற்று அறுவைக்கு முன்பா, பின்பா? எப்போது போடுவது?

முடிந்தால் முன்பே. டயாலிசிஸில் இருப்பவர்களின் உடம்பு ஊசிக்கு ஓரளவு நன்றாகவே பதில் சொல்கிறது. மாற்று அறுவைக்குப் பிறகு, மருந்து ஏறிய பிறகுதான் வகுப்பு தூங்கப்போகிறது. பெயர் பதிவு செய்து காத்திருப்பவர்கள் அழைப்பு வருவதற்குள் முடித்துவிடுவது நல்லது. கடைசி டோஸுக்கும் ஆபரேஷனுக்கும் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி கிடைத்தால் உத்தமம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு என்றால் அழைப்பு நடுராத்திரியில் வரும், தேதி பார்த்து வராது. அதனால்தான் இன்றே என்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பின்பு என்றால் குறைந்தது ஒரு மாதம் கழித்து. ஆரம்பத்தில் ஏடிஜி மாதிரி வலுவான மருந்து ஏற்றியிருந்தால் மூன்று மாதம் வரை பொறுக்கச் சொல்வார்கள். ஆன்டிபாடிக்கு வழிசெய்யும் அணுக்களையே அழிக்கும் ரிடுக்சிமாப் மருந்து போட்டிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த மருந்துப் பெயர்கள் இருக்கும், ஊசிக்குப் போகும் முன் அதைக் காட்டிக் கேளுங்கள்.

எந்தக் கையில்?

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம், இல்லாத கையில். கிட்னி நன்றாக ஓடினாலும் நம்மில் பலருக்குப் பழைய ஃபிஸ்டுலா இன்னும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. முகாமில் அவசரத்தில் சட்டைக்கையைச் சுருட்டிவிடுவார்கள், நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால்?

பாரசிட்டமால் போதும், டோலோ என்றால் எல்லோருக்கும் தெரியும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் கூடவே கூடாது, கிட்னிக்கு நேரடி ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை விழுங்கிவிடாதீர்கள். அட்டையின் பின்பக்கம் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

வழக்கமான மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் போடுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மாத்திரை வாந்தியோடு வந்துவிட்டாலோ டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஊசிக் காய்ச்சல்தான் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். நமக்குக் காய்ச்சலுக்கு வேறு காரணமும் இருக்கலாம்.

கோவிஷீல்டு போட்டவர்களுக்கு ரத்தம் உறையும் என்று 2024இல் செய்தி வந்ததே, எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பிரிட்டன் நீதிமன்ற வழக்கில் ஆஸ்ட்ராஜெனகா ஒத்துக்கொண்டது என்று வந்த செய்தி அது. அப்படி ஒரு பக்கவிளைவு உண்மைதான், மிக மிக அபூர்வம். 2021இலேயே மருத்துவ உலகம் அதைக் கண்டுபிடித்து எச்சரித்திருந்தது. அது வருவது ஊசி போட்ட சில நாளிலிருந்து சில வாரங்களுக்குள், அதிகமும் முதல் டோஸுக்குப் பிறகு. வருடங்கள் கழித்து வருவதில்லை. 2021இல் போட்டவர் இன்று அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களும் போட வேண்டுமா?

கட்டாயம். நமக்கு ஊசி அரைகுறையாகத்தான் பிடிக்கும் என்றால், நம்மைச் சுற்றி இருப்பவர்கள்தான் மதில். மனைவி, பிள்ளைகள், வேலைக்கு வரும் அம்மா, அடிக்கடி வந்துபோகும் மச்சான் எல்லோரும். கொரோனா ஊசி போட்டவரிடமிருந்து நமக்கு எதுவும் தொற்றாது.

இதோடு சேர்த்து ஒன்று: வீட்டில் பேரக் குழந்தை இருந்து, போலியோ சொட்டு மருந்தோ ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தோ கொடுத்திருந்தால், அதில் இருப்பது உயிருள்ள கிருமி. சில வாரங்களுக்குக் குழந்தையின் மலத்தில் அது வெளியேறும். குழந்தைக்குச் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. கால் கழுவிவிடும் வேலையை மட்டும் அந்த நாட்களில் வேறு யாராவது பார்க்கட்டும். நாம் கொஞ்சுவதோடு நிறுத்திக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். தாத்தாக்களுக்கு இது கஷ்டமான உத்தரவும் இல்லை.

கபசுரக் குடிநீர் குடிக்கலாமா? எதிர்ப்புச் சக்தி கூடுமாமே?

2020இல் தமிழ்நாட்டில் தெருமுனைக்குத் தெருமுனை அண்டாவில் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் ஒரு அண்ணன் டம்ளரோடு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று எதைச் சொன்னாலும் நம் காதில் அபாயமணி அடிக்க வேண்டும். அடக்கி வைக்க மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம், கூட்டுவதற்கு ஒரு டம்ளரா? கபசுரக் குடிநீரில் நிலவேம்பு, ஆடாதோடை, சீந்தில் என்று பதினைந்து சரக்கு இருக்கிறது. டேக்ரோலிமஸோடு அவை எப்படிச் சேரும் என்று சோதித்து யாரும் நமக்கு உத்தரவாதம் தந்ததில்லை. சீந்திலைத் தொடர்ந்து சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக மும்பை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. நம் உடம்பு அதற்கு எழுதப்பட்ட உடம்பு இல்லை, அவ்வளவுதான். பம்பளிமாஸ் பழம்கூட டேக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், தெரியுமா?

இவ்வளவும் செய்து கொரோனா வந்தே விட்டால்?

எனக்கு வந்தது, 2022 ஜனவரியில், ஒமிக்ரான் அலையில். இரண்டு டோஸ் போட்டிருந்தேன். தொண்டை கரகரத்த அன்று மாலையே டெஸ்ட், இரவே டாக்டருக்குப் போன். மைக்கோஃபினோலேட்டைப் பாதியாக்கினார்கள், மறுநாளிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து ரெம்டெசிவிர் டிரிப். ஆரம்பத்திலேயே மூன்று நாள் போட்டால் நோய் முற்றுவதைப் பெருமளவு தடுக்கிறது என்று அப்போதுதான் ஆய்வு வந்திருந்தது. ஆறாவது நாள் சாதம் ருசித்தது. கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி இறங்கியது.

இதில் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு: ரிட்டோனாவிர். பேக்ஸ்லோவிட் என்று பேர்பெற்ற கொரோனா மாத்திரையில் நிர்மாட்ரெல்விரோடு இதுவும் சேர்ந்திருக்கிறது. டேக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் என்சைமை ரிட்டோனாவிர் முடக்கிவிடும். வழக்கமான டேக்ரோலிமஸோடு இதையும் விழுங்கினால் இரண்டொரு நாளில் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். கை நடுங்கும், தலை சுற்றும், கிட்னியே அடிவாங்கும். டாக்டர்கள் இதைக் கொடுப்பதே இல்லை என்று சொல்லவில்லை. டேக்ரோலிமஸை நிறுத்தி, அளவு பார்த்துப் பார்த்துத் திரும்பத் தொடங்கும் திட்டத்தோடு கொடுப்பார்கள். ஆபத்து எங்கே என்றால், நீங்கள் டிரான்ஸ்பிளான்ட் நோயாளி என்று தெரியாத பக்கத்துத் தெரு கிளினிக்கில். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே வேலையைச் செய்யும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் "என்ன பண்ணுது?" என்று அவர் கேட்பதற்கு முன் மாத்திரைப் பட்டியலை மேசையில் வையுங்கள். என் பட்டியல் பர்ஸில், ஆதார் கார்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆன்டிபாடியையே நேராக ஊசியாகப் போட்டுவிடலாமே?

போட்டார்கள். எவுஷெல்ட் என்று ஒன்று 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஊசிக்கு உடம்பு பதில் சொல்லாதவர்களுக்கென்றே. வைரஸ் உருமாறி அதைத் தாண்டிவிட்டதால் 2023 ஜனவரியில் அங்கே நிறுத்திவிட்டார்கள். 2024 மார்ச்சில் பெம்கார்டா என்று வேறொன்று அங்கே வந்தது.

இப்போதும் போட வேண்டுமா? எங்கே போடுவது?

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்குப் பதில் எளிது. பிரிட்டனில் 2025 இலையுதிர்காலத்தில் இலவச ஊசியை 75 வயது தாண்டியவர்கள், முதியோர் இல்லவாசிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்று சுருக்கினார்கள். அப்படிச் சுருக்கியபோதும் நம்மை விடவில்லை. லண்டனில் இருக்கும் அண்ணன்மாரே, அழைப்பு வந்தால் போய்விடுங்கள். அமெரிக்காவில் 2024-25க்கான ஊசியை நம்மைப் போன்றவர்கள் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடச் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு பூஸ்டர் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொன்னது.

இந்தியாவில் கதை வேறு. 2021இல் தெருவுக்குத் தெரு முகாம் இருந்தது, இப்போது ஊசி கிடைப்பதே பெரும்பாடு. உங்கள் மாற்று மையத்தில் கேளுங்கள். கிடைத்தால், உங்கள் கடைசி டோஸ் எப்போது, கடைசியாக நோய் எப்போது வந்தது என்பதை வைத்து அவர்கள் சொல்வார்கள். கிடைக்காவிட்டால் கிடைப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள்: வருடம் ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, அக்கிக்கு உயிருள்ள கிருமி இல்லாத ஷிங்ரிக்ஸ். ஷிங்ரிக்ஸ் விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆனால் அக்கி வந்த ஒருவரை ஓ.பி.யில் பார்த்த பிறகு நான் பேரம் பேசவில்லை.

தானம் கொடுத்தவருக்கு?

எல்லோரையும் போலத்தான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதுவும் அவர்கள் சாப்பிடுவதில்லை, எனவே ஊசி நன்றாகவே பிடிக்கும். நானும் அம்மாவும் ஒரே நாளில், ஒரே முகாமில், அடுத்தடுத்த நாற்காலியில் போட்டுக்கொண்டோம். இரண்டாவது டோஸ் முடிந்து ஒரு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தபோது, எனக்கு "கண்டறியப்படவில்லை", அம்மாவுக்கு நாலு இலக்கத்தில் ஒரு எண். "உனக்குக் கொடுத்தது போக மிச்சம் இருக்கிறதே நல்லா வேலை செய்யுதுடா" என்றார்.

அவர்களுக்கும் ஒற்றைக் கிட்னிதான் என்பதால் வலி மாத்திரை விஷயத்தில் நமக்குச் சொன்னதே அவர்களுக்கும். ஊசி போட்ட மறுநாள் அம்மா கை வலிக்கு, மூட்டுவலிக்கென்று பக்கத்து வீட்டில் கொடுத்திருந்த டைக்ளோஃபெனாக் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். முந்தின நாளே எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.